எடை மெஷினுக்குத் தண்ணீரும் கொழுப்பும் ஒன்றுதான்

எடைக் குறைப்புப் போட்டி நடத்தும் ஜிம் உரிமையாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

உங்களில் ஒருவர் நடத்திய 30 நாள் போட்டியின் 27ஆம் நாள் காலையில் என் தங்கை மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.4 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. அதற்கு முந்தைய ஆறு நாளும் அவள் தினம் இரண்டு நீர் மாத்திரை, அதாவது உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிட்டிருக்கிறாள். மாத்திரையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவர் அவளுடைய பயிற்சியாளர்.

அந்த ஜிம்முக்கு நேரில் போய்ச் சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது: அந்த மாத்திரையை ஜிம்மில் விற்கவில்லை, உறுப்பினர்கள் சொந்த விருப்பத்தில் சாப்பிடுவதற்கு நிர்வாகம் பொறுப்பாகாது. சரி, ஒரு முறை தவறு நடந்துவிட்டது, அடுத்த முறையாவது மாற்றிக்கொள்வார்கள் என்று பேசாமல் இருந்தேன். போன வாரம் அடுத்த போட்டிக்கான அறிவிப்பு வந்தது. அதே 30 நாள், அதே விதி. கடைசி நாள் காலையில் மெஷினில் ஏறும்போது யாருக்கு அதிக எடை குறைந்திருக்கிறதோ அவருக்குப் பரிசு. இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. இப்படிப் போட்டி நடத்துவது அந்த ஒரு ஜிம் மட்டும் இல்லை என்பதால் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு இதயம் பலவீனம். ரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைந்ததால் கால் வீங்கும், இரவில் படுத்தால் மூச்சு முட்டும். அதற்காக மருத்துவர் கொடுத்ததில் ஒன்று ஃபுரோசமைடு, தினம் ஒரு மாத்திரை. லாசிக்ஸ் என்றால் பலருக்குத் தெரியும். அம்மா தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் கொழுப்பு ஏறாது, ஏறுவது உடம்பில் தேங்கும் தண்ணீர்தான். இடையிடையே ரத்தம் எடுத்து சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்ப்பார்கள். அளவு மாறினால் மாத்திரையின் அளவும் மாறும். ஒரு மாத்திரைக்கு இத்தனை காவல்.

தங்கை அதே மெஷினில்தான் தினமும் ஏறினாள். அதே அட்டையிலிருந்துதான் மாத்திரையையும் எடுத்தாள். துண்டுச் சீட்டில் இருந்த பெயரும் அம்மாவின் மாத்திரைப் பெயரும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, “அம்மாவே தினமும் சாப்பிடுறாங்க, எனக்கு என்ன ஆகிடப்போகுது” என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். மாத்திரைக் கணக்கு இடிக்கிறதே என்று அம்மா இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் அவர் கேட்டது ஒன்றுதான். “எனக்குத் தேங்குற தண்ணிய எடுக்க அந்த மாத்திரை. அவளுக்கு எங்க தண்ணி தேங்கியிருக்கு?”

அம்மா கேட்ட கேள்வி எந்தப் பயிற்சியாளரின் மனதிலும் வந்திருக்க வேண்டியது.

21ஆம் நாள் அவள் எடை 65.8 கிலோ. 25ஆம் நாள் 62.4. நாலே நாளில் 3.4 கிலோ. அந்த எண்ணைப் பயிற்சியாளர் போட்டியாளர்களின் குழுவில் போட்டார். கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. “இவங்களைப் பாருங்க, மனசு வெச்சா முடியும்” என்று எழுதினார். அந்தச் செய்தி இன்னும் என் தங்கையின் போனில் இருக்கிறது.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 3.4 கிலோவுக்கு 26,000 கலோரிக்கு மேல். நாலு நாளில் என்றால் நாள் ஒன்றுக்கு 6,500. அவளைப் போன்ற ஒரு பெண் நாள் முழுக்க, உடற்பயிற்சியும் சேர்த்து, செலவழிப்பதே 2,000 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பருக்கை கூடச் சாப்பிடாமல் இருந்தாலும் அந்த அளவு கொழுப்பு கரைய வழியே இல்லை. கலோரிக் கணக்கு சொல்லிக் கொடுப்பதே உங்கள் தொழில். அந்த எண்ணைப் பார்த்ததும் “என்னம்மா சாப்பிட்டே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 27ஆம் நாள் காலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நீர் மாத்திரை கொழுப்பைத் தொடுவதே இல்லை. நம் சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது, மீதியை உப்போடு சேர்த்து உடம்பு திரும்ப இழுத்துக்கொள்கிறது. அப்படி உப்பை இழுக்கும் இடங்களில் முக்கியமான ஒன்றை ஃபுரோசமைடு அடைத்துவிடும். உப்பு வெளியே போகும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். வாய்வழியாகச் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கும். ஒரு லிட்டர் போனால் மெஷினில் ஒரு கிலோ குறையும். மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்.

தண்ணீரோடு போவது சோடியம் மட்டும் இல்லை, பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்தே போகின்றன. உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது, ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் சரியான அளவில் இருந்தால்தான் இதயத் தசையின் மின்னோட்டம் ஒழுங்காக ஓடும். அது குறைந்தால் துடிப்பு தடுமாறும், மோசமானால் இதயம் நின்றே போகும். இதற்கு வயதான இதயமோ நோயுள்ள இதயமோ தேவையில்லை. என் தங்கைக்கு 27 வயது, இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய ஈசிஜியை மருத்துவர் என்னிடம் காட்டி, தட்டையாகிப்போன ஓர் அலையையும் அதற்குப் பின்னால் இருக்கவே கூடாத ஒரு சின்ன மேட்டையும் பேனா முனையால் தொட்டுக் காண்பித்தார்.

அறிகுறி இல்லாமல் இல்லை. 24ஆம் நாளிலிருந்தே இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது. அதைப் பயிற்சியாளரிடம் சொன்னதற்கு, உடற்பயிற்சி வலி, ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள் என்றிருக்கிறார். 25ஆம் நாள் உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. 26ஆம் நாள் நெஞ்சில் ஏதோ துடிப்பு விட்டு விட்டு வருவது போல இருந்திருக்கிறது, ஜெயிக்கப் போகிற பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, சிறுநீரகம் தனக்கு வரும் ரத்த ஓட்டத்தைச் சில ரசாயனங்களின் உதவியோடுதான் தாக்குப்பிடிக்கிறது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அந்த உதவியையே தடுத்துவிடும். நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. கூடவே சில வகை ரத்த அழுத்த மாத்திரைகளும் சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் மோசம். உங்கள் கூடத்தில் தசைவலிக்கு மாத்திரை போடாதவர்கள் எத்தனை பேர்? என் தங்கையின் கிரியாட்டினினும் ஏறித்தான் இருந்தது. இரண்டு நாளில் இறங்கிவிட்டது. இறங்காமலும் போயிருக்கலாம்.

பொட்டாசியத்தை ஊசியில் சட்டென்று ஏற்றிவிட முடியாது, வேகமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். சொட்டுச் சொட்டாக, ஈசிஜி திரையைப் பார்த்துக்கொண்டேதான் ஏற்றுவார்கள். ஏறும் நரம்பு முழுக்க எரியும். “அக்கா, கை தீப்பிடிச்ச மாதிரி இருக்கு” என்று சொல்லி அழுதுகொண்டே இருந்தாள். நான் ஈரத்துணியை அவள் முழங்கைக்கு மேலே வைத்துப் பிடித்தபடி திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு துடிப்பு முன்னதாக வந்து குதிக்கும், அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் நானும் மூச்சு விடவில்லை. மக்னீசியமும் ஏற்ற வேண்டியிருந்தது, அது குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் நிற்காதாம். இரண்டு இரவு அப்படியே போனது.

வீடு திரும்பிய பிறகு நடந்ததை உங்களில் பலர் யோசித்தே பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே வாரத்தில் அவள் எடை நாலு கிலோ ஏறியது. முகம் உப்பியது, கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. நீரையும் உப்பையும் இழந்த உடம்பு பயந்துபோய், அவற்றைப் பிடித்து வைக்கும் ஹார்மோன்களை ஏற்றி வைத்திருக்கிறது. மாத்திரை நின்றதும் தடுப்பார் இல்லை, கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் தானாக வடியும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அப்படியே வடியவும் செய்தது. ஆனால் அந்த வாரம் என் தங்கை கண்ணாடி முன்னால் நின்று, “அக்கா, ஒரே ஒரு மாத்திரை மட்டும் போட்டுக்கட்டுமா” என்று கேட்டாள். பொட்டாசியம் ஏறிய கையில் நீலத் தழும்பு இன்னும் இருந்தது. பலர் இதில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நிறுத்தினால் வீங்குகிறது, வீங்கினால் மறுபடி மாத்திரை, மறுபடி நிறுத்தினால் மறுபடி வீக்கம். ஏற்கெனவே உணவோடு போராடுபவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள் இதில் விழுந்தால் வாந்தியிலும் சிறுநீரிலுமாகப் பொட்டாசியம் இரண்டு வழியில் போகும். அப்படிப்பட்டவர் உங்கள் போட்டியில் சேர்ந்தால், உடம்பில் குறைந்த எடையைப் பார்த்து முதலில் கைதட்டப் போவதும் நீங்கள்தான்.

“ஃபுரோசமைடு கொஞ்சம் கடுமை, அதற்குப் பதிலாகப் பொட்டாசியத்தைக் காப்பாற்றும் வகை இருக்கிறது, அது பத்திரம்” என்று இன்னொரு பயிற்சியாளர் என்னிடமே சொன்னார். ஸ்பைரோனோலாக்டோனைத்தான் சொல்கிறார். அதில் பொட்டாசியம் குறையாது, உண்மைதான். தேவைக்கு மேல் ஏறிவிடலாம். ஏறினாலும் இதயம் தடுமாறும். அதைச் சாப்பிடுபவர் வியர்வைக்கு ஈடு என்று பொட்டாசியம் கலந்த பானங்களையும் குடித்தால் ஆபத்து இரட்டிப்பு. தையசைடு என்ற இன்னொரு வகை நீர் மாத்திரையில் சோடியம் விழுந்து குழப்பமும் வலிப்பும் வரலாம். எது யாருக்கு எவ்வளவு என்பது ரத்தம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஜிம்மில் அதற்கு வழி கிடையாது.

நீங்கள் விளையாட்டோடு தொடர்புடையவர்கள். 1988 சோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இரண்டு பல்கேரிய பளுதூக்கும் வீரர்கள் ஃபுரோசமைடு சாப்பிட்டது தெரிந்து பதக்கத்தை இழந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2003 உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்கும் நேரத்தில் ஆஸ்திரேலிய வீரர் ஷேன் வார்ன் நாடு திரும்ப நேர்ந்ததும் நீர் மாத்திரையால்தான். மெலிந்து தெரிவதற்காக அம்மா கொடுத்த மாத்திரை என்று சொன்னார். ஓராண்டு தடை கிடைத்தது. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் நீர் மாத்திரைகள் இன்றும் இருக்கின்றன. வேறு மருந்தை மறைக்க உதவும் என்பது ஒரு காரணம். எடைப் பிரிவுக்காகச் சட்டென்று எடை குறைக்கவும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். சர்வதேச வீரருக்கே கூடாது என்று ஒதுக்கிய மாத்திரையைத்தான் அலுவலகம் முடிந்து ஒரு மணி நேரம் பயிற்சிக்கு வருகிறவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

விதியை மாற்றினால் உயிர் தப்பும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் ஐந்து வார இடைவெளிக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். அவர்கள் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றியது வெப்பத்தில் வியர்த்து. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான், மெஷினில் ஒரு எண்ணைக் காட்டுவதற்காக உடம்பை வற்ற வைப்பது. அதன் பிறகு “வீரர்களின் சொந்த விருப்பம்” என்று கல்லூரி விளையாட்டு அமைப்பு கைகழுவவில்லை. வியர்க்க வைக்கும் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. நீர் வற்றாத நிலையில் அளந்து, ஒருவர் இதற்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்ச எடை வைத்தது. வற்ற வைத்தால் லாபம் இல்லை என்ற நிலையை விதியால் உருவாக்கினார்கள். உங்கள் விதி வற்ற வைப்பவருக்குப் பரிசு கொடுக்கிறது. “நாங்கள் மாத்திரை விற்கவில்லை” என்ற பதிலை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். மாத்திரையை விற்காமல் இருக்கலாம், அது ஜெயிக்கும் பந்தயத்தை நடத்துவது நீங்கள்.

உங்களில் நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நடைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தவரும் ஒரு ஜிம் பயிற்சியாளர்தான். இதய மருத்துவரின் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அவர் தொடங்கினார். அந்தப் பொறுப்பைத்தான் எல்லாரிடமும் கேட்கிறேன்.

நான் கேட்பவை இவை. கடைசி நாள் எடையை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். போட்டி நடத்தியே ஆக வேண்டும் என்றால் இடுப்புச் சுற்றளவு, தூக்கும் எடை, நடக்கும் தூரம், தவறாமல் வந்த நாள்கள் என்று நீரால் ஏமாற்ற முடியாதவற்றை அளவுகோலாக வையுங்கள். ஒருவருக்கு ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தால் அதைக் குழுவில் போட்டுக் கொண்டாடாதீர்கள். தனியாக அழைத்து, என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை பயிற்சி கொடுக்காதீர்கள்.

மருத்துவர் சீட்டு தேவைப்படும் எந்த மாத்திரையின் பெயரையும் பயிற்சியாளர் சொல்லவோ எழுதவோ கூடாது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். மீறுபவரை வேலையில் வைத்திருக்காதீர்கள். உங்கள் கூடத்தில் விற்கும் எடைக் குறைப்புப் பொடிகளையும் கேப்சூல்களையும் பாருங்கள். லேபிளில் சொல்லாமல் நீர் மருந்து கலந்த மெலிவு மாத்திரைகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எங்கே சோதித்தார்கள், சோதனை அறிக்கை எங்கே என்று கேட்டால் காட்ட முடியாத எதையும் விற்காதீர்கள்.

தசைப்பிடிப்பு, எழுந்தால் தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, திடீர் சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவை வந்தால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எடை மெஷினுக்கு நேர் எதிரே எழுதி ஒட்டுங்கள். மயக்கம் வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு என்பதையும் சேருங்கள்.

கடைசியாக, கடந்த போட்டிகளில் கலந்துகொண்ட எல்லாருக்கும் இந்த வாரமே செய்தி அனுப்புங்கள். நீர் மாத்திரை சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லும்படியும், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கும்படியும் அதில் எழுதுங்கள். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருத்துவரே எழுதிக் கொடுத்து இந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் பயந்துபோய்த் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. யாரையும் குற்றம் சொல்லாத தொனியில் எழுதினால்தான் ஒளிக்காமல் சொல்வார்கள். என் தங்கை ஆறு நாளும் ஒளித்துத்தான் சாப்பிட்டாள்.

அடுத்த போட்டி தொடங்க இன்னும் 11 நாள் இருக்கிறது. விதி மாறுகிறதா இல்லையா என்பதை அதற்குள் எழுத்தில் சொல்லுங்கள். பெயர் கொடுத்தவர்களின் பட்டியலில் என் தங்கையோடு பயிற்சி எடுத்த மூன்று பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
27ஆம் நாள் காலையில் மாடிப்படிக்கு ஓடிய அக்கா